மருந்தும் அதன் இலக்கும்

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரம் மருத்துவன் கடமையைப் படிமுறையாக வகுத்துக் கூறுகின்றது. நோய் இன்னதெனத் துணிதல், அதற்குக் காரணமானதை ஆராய்தல், அதனைத் தணிக்கும் வழியைத் தேர்தல், தேர்ந்த வழியைப் பிழையாது செய்தல் என்பன அக்கடமைகளாம். இவற்றுள் இறுதியாக நின்ற கடமையிலே ஒரு வினா அடங்கிக் கிடக்கின்றது. கொடுத்த மருந்து, சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்து, செய்யவேண்டிய தொழிலைச் செய்ததா என்பதே அவ்வினா. நோயாளி குணமடைந்தால் மருந்து வேலை செய்தது என்றும், குணமடையாவிடின் வேலை செய்யவில்லை என்றும் கொள்வது உலக வழக்கு. ஆயின் தானாகவே தணியும் நோய்களும் உள. மருந்து தன் தொழிலைச் செவ்வனே செய்தும் தணியாத நோய்களும் உள. ஆதலின் இவ்வினாவுக்கு விடைகாண வேறு வழி வேண்டப்படுகின்றது.

அவ்வழி குருதியிலுள்ள மருந்தின் அளவைக் காண்பதே என நெடுங்காலம் கருதப்பட்டது. அது பயனுடையதே எனினும் போதியதன்று. வன்னிநாட்டார் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். இரணைமடுக் குளத்து அளவுகோல் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பதைக் காட்டும். துருசு திறந்து வாய்க்கால் வழியே சென்ற நீர் கடைசி வயலை எட்டியதா என்பதை அது காட்டாது. வயலை எட்டிய நீர் பயிரின் வேரிற் சேர்ந்ததா என்பது வேறு வினா. சேர்ந்ததனாற் பயிர் தேறியதா என்பது மற்றொரு வினா. குருதி குளம் போன்றது. குடற்சுவர் கடைசி வயல் போன்றது. குளத்தை மாத்திரம் அளந்து விளைச்சலைக் கணிக்க முற்படும் கமக்காரன் எவ்வாறு ஏமாறுவானோ, அவ்வாறே குருதியை மாத்திரம் அளந்து குடல் நோய்க்கு மருந்தின் அளவை விதிப்பவரும் ஏமாறக்கூடும்.

மருந்தின் இலக்கு என்பது யாது? உடம்பின் கலங்களிலே பல்லாயிரம் வகையான புரதங்கள் உள்ளன. அவற்றுட் சில நொதியங்கள். சில கலத்தின் மேற்பரப்பில் நின்று செய்திகளை வாங்கும் வாங்கிகள். ஒரு மருந்து இவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டு அதன் தொழிலைத் தடுக்கின்றது, அல்லது தூண்டுகின்றது. அவ்வாறு பற்றப்படும் புரதமே இலக்கு எனப்படும். பற்றிய அளவை அறிவதற்கு நான்கு வினாக்களை முறையே எழுப்புதல் வேண்டும். மருந்து இழையத்தை அடைந்ததா? அடைந்த மருந்து இலக்கைப் பற்றியதா? பற்றியதனால் இலக்கின் தொழில் மாறியதா? அம்மாற்றத்தினால் நோய் தணிந்ததா? முதல் மூன்று வினாக்களுக்கும் விடை அவ்விழையத்தினுள்ளேயே உள்ளது. குடலைப் பொறுத்தவரையில், குடலிலிருந்து எடுத்த சிறுதுண்டே அதற்குச் சாட்சி.

இதனை விளக்குதற்கு அஸ்பிரினினும் சிறந்த மருந்து கிடைத்தல் அரிது. மாதந்தோறும் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகளின் கிளினிக்குகளுக்குச் செல்லும் இருதய நோயாளர் பலர் நன்கறிந்த மாத்திரை அது. ஜேர்மனியிலே பாயர் நிறுவனத்தில் பீலிக்ஸ் ஹொப்மன் என்பவர் 1897 இல் இதனைத் தூய நிலையில் ஆக்கினார்; 1899 இல் அது விற்பனைக்கு வந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொண்ட பின்னரும், அது உடலிலே என்ன செய்கின்றது என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக விளங்காதிருந்தது. புரொஸ்டகிளாண்டின் எனப்படும் பொருள்கள் உடலில் உண்டாதலை அஸ்பிரின் தடுக்கின்றது என 1971 இல் இங்கிலாந்தில் ஜோன் வேன் காட்டினார். அவரும் சுவீடன் நாட்டறிஞர் இருவரும் 1982 இல் நோபல் பரிசு பெற்றனர்.

புரொஸ்டகிளாண்டின்கள் காய்ச்சலையும் வீக்கத்தையும் நோவையும் தோற்றுவிப்பதிற் பங்குகொள்கின்றன. ஆயின் அவை பகைப்பொருள்கள் மாத்திரமல்ல. இரைப்பையின் உட்சுவரிலே சளிப்படையைச் சுரக்கச் செய்தும் குருதியோட்டத்தைப் பேணியும், ஐதரோக்குளோரிக்கமிலம் அச்சுவரை அரித்துவிடாமற் காப்பனவும் அவையே. குருதித் தட்டுகளிலே அதே நொதியத்தின் உதவியால் திரொம்பொக்சேன் என்னும் இன்னொரு பொருள் உண்டாகின்றது. அது தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டச்செய்து குருதியை உறைவிக்கின்றது. மாரடைப்பைத் தடுக்கும் பொருட்டு மருத்துவர் அடக்க விரும்புவது இதனையே. எனவே ஒரே மாத்திரை இருதயத்துக்குக் காவலாகவும் இரைப்பைக்குக் கேடாகவும் அமைகின்றது. எவ்வளவு கொடுத்தால் முன்னையது கிட்டும், எவ்வளவில் பின்னையது தொடங்கும் என்பதை அறிதல் உயிர்காக்கும் அறிவன்றோ?

இவ்விடத்திலே குருதியளவு கைகொடாமைக்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. உட்கொண்ட அஸ்பிரின் குருதியில் நெடுநேரம் நிற்பதில்லை. பதினைந்து முதல் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். சில மணிநேரத்தின் பின் குருதியை ஆராய்ந்தால் அஸ்பிரின் அங்கே இராது. எனினும் அதன் செயல் பல நாட்களுக்கு நீடிக்கின்றது. காரணம் 1975 இல் அமெரிக்க அறிஞர் சிலரால் வெளியாயிற்று. அஸ்பிரின் தன் மூலக்கூற்றின் ஒரு பகுதியாகிய அசற்றைல் கூட்டத்தைக் கழற்றி, சைக்கிளோஒட்சிசனேசு என்னும் நொதியத்தின்மேல் ஒட்டிவிட்டு அகன்றுவிடுகின்றது. ஒட்டப்பட்ட இடம் செரின் என்னும் ஓர் அமினோவமிலம். பூட்டினுள்ளே முறிந்து நின்ற திறப்பின் துண்டுபோல அக்கூட்டம் நொதியத்தின் வாயிலை அடைத்துவிடுகின்றது. திறப்பைக் கொண்டுவந்தவன் போய்விட்டான். ஆயினும் பூட்டு இனித் திறவாது.

அடைபட்ட நொதியம் மீண்டும் உயிர்பெறாது. கலம் புதிய நொதியத்தை ஆக்கிக்கொண்டாலே பழைய நிலை திரும்பும். இங்கேதான் குருதிக்கும் குடலுக்குமுள்ள பெருவேற்றுமை புலனாகும். குருதித் தட்டுகளுக்குக் கரு இல்லை. ஆதலின் அவற்றாற் புதிய நொதியத்தைப் போதியளவு ஆக்க இயலாது. தம் வாழ்நாளாகிய எட்டு முதல் பத்து நாட்கள் வரையும் செயலிழந்தே திரியும். குடலின் உட்படைக் கலங்களோ கருவுடையன. சில நாட்களுக்கொருமுறை முழுப்படையும் புதுப்பிக்கப்படுகின்றது. ஆகவே நாளொன்றுக்கு ஒருமுறை கொடுக்கப்படும் சிறிதளவு அஸ்பிரின் தட்டுகளை முற்றாக அடக்கியிருக்கும் வேளையில், குடற்சுவரிலே நொதியம் பெரும்பாலும் மீண்டிருக்கவுங் கூடும். குருதியிற் கண்ட முடிபைக் குடலின்மேல் ஏற்றிச் சொல்லலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

குடலிழையத்தை எடுத்து ஆராய்தல் முற்காலத்தில் எளிதாயிருக்கவில்லை. இறந்தோர் உடலில் எடுக்கலாமெனின், உயிர் பிரிந்த சிறிது நேரத்துள் குடல் தன் நீர்களாலேயே சிதையத் தொடங்கிவிடும். அமெரிக்க இராணுவ மருத்துவராகிய குரொஸ்பி என்பாரும் கூக்லர் என்பாரும் 1957 இல் ஒரு சிறு குளிகையை அமைத்தனர். மெல்லிய குழாயின் நுனியிலே பிணிக்கப்பட்ட அக்குளிகையை நோயாளி விழுங்குவார். அது சிறுகுடலை அடைந்ததும் குழாய் வழியே காற்றை உறிஞ்சினால், உள்ளிருக்கும் சிறு கத்தி சுழன்று குடற்சுவரின் ஒரு துணுக்கைக் கொய்துவிடும். நெகிழும் நாரிழைகளால் ஆன அகநோக்கியும் ஏறத்தாழ அதே காலத்திலே தோன்றிற்று. இன்று எண்டோஸ்கொப்பி என்று மக்கள் கூறும் சோதனையில், இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமுள்ள துண்டுகளைச் சிறு கவ்வியினால் மருத்துவர் கண்ணாற் பார்த்தே எடுக்கின்றனர்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே செல்வின் பேக்கர் என்பாரும் வி. ஐ. மாதன் என்பாரும் 1960 களில் தென்னிந்தியக் கிராமத்தவரிடையே பரவிய ஸ்புரூ என்னும் குடல்நோயை ஆராயுமுகமாகச் சிறுகுடற்றுண்டுகளை எடுத்து நுணுக்குக்காட்டியிற் கண்டனர். அங்கே எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. நோயேதுமின்றித் திரிந்த கிராமத்தவரின் குடலிலும் சடைமுளைகள், மேனாட்டு நூல்கள் இயல்பெனக் கூறிய அளவினும் குட்டையாயிருந்தன. மேனாட்டு அளவையே இயல்பென வைத்து நோக்கியிருப்பின் ஊரிலுள்ளோர் யாவரையும் நோயாளர் எனத் துணிய நேர்ந்திருக்கும். எந்த அளவையும் எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே பொருள்படும் என்னும் உண்மை இதனால் நிலைநாட்டப்பட்டது.

துண்டை எடுத்தல் எளிதாயினும் அதனைப் பேணுதல் எளிதன்று. கவ்வி கிள்ளிய கணமே காயமுற்ற இழையம் புரொஸ்டகிளாண்டினை விரைந்து ஆக்கத் தொடங்கிவிடும். அதனைத் தடுக்காது அளந்தால், உடம்பினுள்ளே இருந்த அளவு வெளிப்படாது. கிள்ளியதனால் விளைந்த அளவே வெளிப்படும். எனவே துண்டு வீழ்ந்தவுடன், அவ்வாக்கத்தை நிறுத்தும் இந்தோமெதசின் போன்ற பொருளைச் சேர்ப்பர். அல்லது திரவ நைதரசனில் உறையவைத்துப் பாகை சைபருக்குக் கீழே எண்பதளவிற் காப்பர். துண்டோடு ஒட்டிவந்த குருதியைக் கழுவாவிடின் தட்டுகளின் நொதியமும் கணக்கிற் சேர்ந்து முடிபைத் திரித்துவிடும. ஒரு துண்டு ஒருவாறும் அடுத்த துண்டு வேறொருவாறும் இருத்தலால், பல துண்டுகளை எடுத்து, புரதத்தின் ஒரு மில்லிகிராமுக்கு இவ்வளவெனக் கணிப்பர். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவரிடமே மருந்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் எடுத்து ஒப்பிடுதலே சாலச் சிறந்தது.

இவ்வாறு செய்த ஆய்வுகளுள் ஒன்று அமெரிக்காவில் கிறையர், பெல்ட்மன் என்போரால் 1999 இல் வெளியிடப்பட்டது. நற்சுகமுள்ளோர் மூன்று குழுவினராக நாடோறும் 10, 81, 325 மில்லிகிராம் அஸ்பிரினை மூன்று மாதம் உட்கொண்டனர். 10 மில்லிகிராம் என்பது மிகமிகச் சிறிய அளவு. குருதியிலே திரொம்பொக்சேன் ஆக்கம் அவ்வளவினால் 62 வீதம் குறைந்தது. 81 மில்லிகிராமினால் 90 வீதமும் 325 மில்லிகிராமினால் 98 வீதமும் குறைந்தது. குருதியை மாத்திரம் நோக்கினோர், 10 மில்லிகிராம் அரைகுறையான அளவு என்று கூறி அமைந்திருப்பர். ஆயின் இரைப்பைத் துண்டுகள் வேறு கதை கூறின. மூன்று அளவுகளும் ஒன்றுபோலவே இரைப்பைச் சுவரின் புரொஸ்டகிளாண்டினை முன்னிருந்ததில் ஏறத்தாழ 40 வீதத்துக்கு இறக்கிவிட்டன. மூன்றிலும் இரைப்பையிற் புண்பாடு காணப்பட்டது. நேர்குடலிலோ 10 மில்லிகிராம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் செய்யவில்லை. மற்றை இரு அளவுகளும் 60 வீதமளவுக்கு இறக்கின.

ஒரே மருந்து, ஒரே உணவுக்கால்வாய். எனினும் இரைப்பை ஒருவாறும் நேர்குடல் வேறொருவாறும் இயங்கின. இரைப்பைக்கு முற்றிலும் தீங்கற்ற அஸ்பிரின் அளவு என ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையை இவ்வாய்வு பெரிதும் தளர்த்தியது. இரைப்பையிற் கரையாவண்ணம் மேற்பூச்சுப் பூசிய மாத்திரையை விழுங்கினாற் குருதிக்கசிவு நேராது என்னும் எண்ணத்துக்கும் ஆதாரம் குறைவே. அத்தகைய மாத்திரையை உண்டோரிடத்தும் கசிவின் அபாயம் சாதாரண மாத்திரையினதைப் போன்றே இருந்ததென 1996 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மருந்து குருதிவழியாகவும் இரைப்பைச் சுவரை அடைகின்றது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

புரொஸ்டகிளாண்டின் குறைந்தது என்பது மூன்றாம் வினாவுக்கு விடை. இரண்டாம் வினாவாகிய பற்றுகையை நேரே காண இன்னும் நுண்ணிய கருவி வேண்டும். பெருங்குடற் புற்றுநோயை அஸ்பிரின் ஓரளவு தடுக்கக்கூடும் எனப் பல ஆய்வுகள் காட்டியமையால் இத்தேவை மிகுந்தது. இத்தாலி நாட்டில் பத்திரிஞானி அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 2017 இல் வெளியிட்ட ஆய்விலே, நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அஸ்பிரினை ஏழு நாட்கள் உண்டோரின் பெருங்குடற்றுண்டுகள் எடுக்கப்பட்டன. துண்டிலுள்ள புரதங்களைச் சிறு கூறுகளாக நறுக்கி, திணிவுத் திருசியமானியில் இட்டு, அசற்றைல் கூட்டம் ஒட்டிய கூறுகளையும் ஒட்டாத கூறுகளையும் தனித்தனியே எண்ணினர். அக்கூட்டம் ஒட்டிய கூறு அதன் நிறையளவிற்கேற்பச் சிறிது பாரமாயிருத்தலே அதனைப் பிரித்தறியும் அடையாளம். சிறிய அளவு அஸ்பிரினும் பெருங்குடற் சுவரிலுள்ள நொதியத்தைத் தீண்டுகின்றது என்பதும், ஆயின் குருதித் தட்டுகளினும் குறைந்த அளவிலேயே தீண்டுகின்றது என்பதும் அதனால் ஐயமற நிறுவப்பட்டன.

பற்றுகையைக் காணும் வேறு வழிகளும் பிறந்துள்ளன. குரோன் நோய் என்பது குடலைப் புண்ணாக்கும் ஒரு நெடுநோய். கட்டிநசிவுக் காரணி என்னும் புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரிகள் அந்நோய்க்கு மருந்தாகும்; எனினும் அவை எல்லார்க்கும் பயன்படுவதில்லை. ஜேர்மனியின் ஏர்லங்கன் நகரிலே 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், அடலிமுமாப் என்னும் அத்தகைய மருந்தை ஒளிரும் சாயத்தோடு பிணைத்து, 25 நோயாளரின் குடற்சுவர்மீது தெளித்து, நுண்ணிய அகநோக்கியாற் பார்த்தனர். ஒளிர்ந்த கலங்கள் மிகுதியாயிருந்தோரில் 92 வீதத்தினர் பின்னர் அம்மருந்தினால் நலமுற்றனர். குறைவாயிருந்தோரில் 15 வீதத்தினரே நலமுற்றனர். மருந்தைத் தொடங்குமுன்னரே இலக்கு உண்டோ இல்லையோ என்று பார்த்தறிந்ததனால் விளைந்த நன்மை இது.

இதற்கு மாறான பாடத்தையும் மறைத்தலாகாது. வெடோலிசுமாப் என்னும் மருந்து, வெண்குருதிக் கலங்கள் குடலுட் புகுவதற்கு உதவும் ஒரு வாங்கியை அடைத்துவிடுகின்றது. அவ்வாங்கி எத்துணை அடைபட்டது என ஆராய்ந்தபோது, நலமுற்றோரிலும் நலமுறாதோரிலும் அது ஏறக்குறைய முழுதும் அடைபட்டே காணப்பட்டது. மருந்து சென்றது, பற்றியது, ஆயினும் சிலரில் நோய் தணியவில்லை. எனவே அளவைக் கூட்டிக் கொடுத்தலால் அன்னோர்க்கு நன்மை விளையும் என எதிர்பார்ப்பதற்கு இடம் குறைவு. அவர்தம் நோய்க்கு வேறு வழி தேடவேண்டும். பற்றுகையை அளத்தல் நோய் தணியும் என்று உறுதி கூறாது. தணியாவிடின் தவறு மருந்தின் அளவிலா, தேர்ந்த இலக்கிலா என்பதைப் பிரித்துக் காட்டும். இப்பிரித்தறிதல் இன்றேல், பயனில்லாத மருந்தையே மேன்மேலும் கூட்டிக் கொடுக்கும் அவலம் நேரும்.

வன்னிப் பெருநிலத்து வாழ்வோர்க்கு இவ்வறிவினால் ஆவதென்ன எனின், பல உள. வயல்வேலையால் முதுகும் முழங்காலும் நொந்தோர் நோமாத்திரைகளைக் கடையில் வாங்கி நாட்கணக்கில் விழுங்கும் வழக்கம் உண்டு. டைக்குளோபெனக், இபுப்புரொபென் முதலியன அஸ்பிரின் தாக்கும் அதே நொதியத்தையே தாக்குவன. நோவு தணிந்ததை உண்டவர் உணர்வார்; இரைப்பைச் சுவர் தன் காப்பை இழந்ததை அவர் உணரார். மலம் கருநிறமாய் வெளிப்பட்ட பின்னரே கசிவு தெரியவரும். சிறுநீரகத்துக் குருதியோட்டமும் புரொஸ்டகிளாண்டினையே நம்பியிருத்தலால், காரணம் தெளியாத சிறுநீரக நோய் காணப்படும் வவுனியா முதலிய மாவட்டங்களில் இம்மாத்திரைகளை மருத்துவர் சொல்லின்றி உண்ணுதல் இருமடங்கு தீது. மாரிகாலத்து டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரினும் இவ்வின மாத்திரைகளும் அறவே விலக்கத்தக்கன. பரசிற்றமோலே அங்கு உகந்தது. மறுபுறத்தில், மாரடைப்புக்குப் பின் மருத்துவர் நாடோறும் விதித்த 75 மில்லிகிராம் அஸ்பிரினை, வயிற்றெரிவுக்கு அஞ்சி நோயாளி தாமாகவே நிறுத்துதலும் பேராபத்து. நன்மையையும் தீமையையும் நிறுத்தே மருத்துவர் அவ்வளவை விதித்துள்ளார். எரிவு உண்டாயின் அவரிடம் கூறினால் இரைப்பையைக் காக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுப்பார்.

குடற்றுண்டை ஈபவர் பலர் அதனாற் தமக்கு ஒரு பயனும் எதிர்பாராதவர். குழாயை விழுங்கும் தொல்லையையும் சிறிதளவு கசிவின் அபாயத்தையும், பின்வருவோர் சரியான அளவு மருந்தைப் பெறும்பொருட்டு அவர் ஏற்கின்றார். ஆதலின் அவர்க்கு யாவற்றையும் விளங்கக் கூறி, அவர்தம் முழுச் சம்மதத்தோடு, வேண்டிய அளவினும் ஒரு துண்டேனும் மிகாமல் எடுத்தல் மருத்துவ அறமாகும்.

மேலே கூறிய அளவுகள் யாவும் அமெரிக்கரிடத்தும் ஐரோப்பியரிடத்தும் காணப்பட்டவை. சோறும் மரக்கறியும் உண்டு, கிணற்றுநீர் பருகி, வெயிலில் உழைக்கும் மக்களின் குடல் அவற்றுக்கு முற்றும் ஒத்திருக்கும் எனத் துணிதற்கில்லை. வேலூரில் கண்ட சடைமுளைகள் அதற்குச் சான்று. யாழ்ப்பாணத்திலே 1978 இல் மருத்துவபீடம் தோன்றிற்று. வவுனியாவில் 2021 இல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இரசாயனமும் உயிரியலும் பயிலும் வன்னி மாணவர், இனி வருங்காலத்தில் தம் ஊரவர்க்கேற்ற அளவு எதுவென்பதைத் தாமே அளந்து கூறும் தகுதி பெறுவராயின், பிறர் அளந்த அளவையே கடன்வாங்கும் நிலை மெல்ல மெல்ல நீங்கும்.